கெடுத்துப் பார்க்கும் உரிமை

மலைப்பள்ளிப் பையன்களுக்குச் செய்முறைத் தொழில்நுட்பக் கல்வி வேண்டும் என்றால் யாரும் மறுப்பதில்லை. "கைக்கு ஒரு வேலை தெரிஞ்சா போதும் சார், பொழச்சுக்குவானுங்க" என்று உடனே ஒத்துக்கொள்வார்கள். அந்த உடனடிச் சம்மதம்தான் எனக்கு உறுத்துகிறது. நகரத்துப் பையன் சர்க்யூட் போட்டால் அதற்கு அறிவியல் ஆர்வம் என்று பெயர். ஜவ்வாது மலைப் பையன் போட்டால் பிழைப்புக்கு வழி. கருவி ஒன்றுதான், பெயர் ஏன் இரண்டு?

இந்த உறுத்தல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி அரசு, கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பை நான் கைவேலைக்கு எதிரானதாகப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளையின் கை எந்த வேலையோடு நின்றுவிட வேண்டும் என்று இன்னொருவர் முடிவுசெய்வதற்கு எதிரானது அது.

கைவேலை தாழ்ந்ததல்ல என்பதற்கு இதே மலையில் காவலூர் வானாய்வகம் சாட்சி. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெரிய ஆடியைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில்தான் தேய்த்து மெருகேற்றினார்கள். அதைக் கனவுகண்ட வைணு பாப்பு 1982இல் மறைந்தார். தொலைநோக்கி 1986இல்தான் திறக்கப்பட்டது, அவர் பெயரிலேயே. தேய்க்கணும், அளக்கணும், சரியில்லன்னா மறுபடி தேய்க்கணும். அந்தப் பொறுமைக்கு நாடு காசு கொடுத்தது.

கைத்திறன் மட்டும் இருந்தால் போதுமா? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். மலையிலிருந்து ஆள் கூட்டிப்போகும் புரோக்கருக்குக் கோடரி பிடிக்கத் தெரிந்த கை போதும். அந்த ஆளின் கேள்விகள் வேண்டாம். கையை மட்டும் பழக்கும் கல்வியும் அப்படித்தான், கூலிக்கு ஆள் தயாரித்துக் கொடுக்கும்.

அப்படியானால் எது கல்வி? என் அளவுகோல் ஒன்றுதான்: பையனுக்குப் பொருளைக் கெடுத்துப் பார்க்கும் உரிமை இருக்கிறதா? வசதியான வீட்டில் ரேடியோவைப் பிரித்துப்போட்டவனை "இவன் விஞ்ஞானி ஆவான்" என்பார்கள். அரசுப் பள்ளியில் ஒரு மோட்டார் புகைந்தால் ஆசிரியர் இருப்புப் பதிவேட்டுக்கு, தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் பீரோவைப் பூட்டுவதில் என்ன ஆச்சரியம்? 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பணம் பெரிதுதான். ஆனால் உடைந்ததை மன்னிக்கும் விதி இல்லாத இடத்தில் அந்தப் பணம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காட்சிப்பொருளாகத்தான் நிற்கும்.

"அரசாங்கக் காசை வீணாக்கலாமா?" என்ற கேள்வி நியாயமானது. வீண் எது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். ஐந்து வருடம் புத்தம் புதுசாகவே இருக்கும் சால்டரிங் அயர்ன் வீண். பையன் பிரித்து, கருக்கி, ஏன் கருகியது என்று கண்டுபிடித்த போர்டு வீணல்ல. பதிவேட்டில் 'பயிற்சியில் பழுதானது' என்று ஒரு கட்டம் போட்டு, அதற்காக ஆசிரியரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிவைத்தால் போதும். சாக்பீஸ் தேய்ந்து தீர்வதை எந்தப் பள்ளியும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லையே.