ஊழியரின் உடல் யார் பொறுப்பு?

ஊழியரின் உடல் எடையில் நிறுவனம் தலையிடலாமா என்பது அடிப்படையில் ஓர் அறவியல் கேள்வி. சம்பளம் கொடுப்பவர் பெறுவது ஊழியரின் நேரத்தையும் திறமையையும்தான், உடலை அல்ல. ஆனாலும் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும், இரவுப் பணியில் கண்விழிப்பதும், நேரம் தவறிச் சாப்பிடுவதும் அந்த உடல்தான். வேலையின் சுவடு அதில் படியாமல் போவதில்லை.

இந்தத் தலையீட்டை நாடு தழுவிய சட்டமாகவே ஆக்கியது ஜப்பான். 2008 முதல் அங்கே மருத்துவக் காப்பீட்டு அமைப்புகள் 40 முதல் 74 வயது வரையுள்ள உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை நடத்த வேண்டும். நேராக நிற்கச் சொல்லி, மூச்சை இயல்பாக விடும் வேளையில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வயிற்றின் சுற்றளவை அளக்கிறார்கள். ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது வரம்பு. அதைத் தொட்டவருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலும் கோளாறு இருந்தால் உணவு, உடற்பயிற்சி குறித்த ஆலோசனை தரப்படுகிறது. தனிநபருக்கு அபராதம் கிடையாது. இலக்கை எட்டாத காப்பீட்டு அமைப்பின் மீதுதான் நிதிச்சுமை ஏறும். ஆலோசனைக்கு உரியவரான ஆண்களைப் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் ஆண்டில் எடை சற்றே குறைந்ததையும், அந்தப் பலன் அடுத்தடுத்த ஆண்டுகளில் தேய்ந்துபோனதையும் காட்டியது.

பலன் பெரிதாக இருந்திருந்தாலும் அறக்கேள்வி தீர்ந்திருக்காது. தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரம் பற்றி 1859இல் வெளியிட்ட நூலின்படி, ஒருவரின் சொந்த நன்மையைக் காரணம் காட்டி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அறிவுரை சொல்லலாம், வாதாடலாம். பணியிடத்தில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. பதவி உயர்வைத் தீர்மானிப்பவர் சொல்லும் அறிவுரை கேட்பவர் காதில் உத்தரவாகவே விழும். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், உடல்நல இலக்கை எட்டும் ஊழியருக்குக் காப்பீட்டுச் செலவில் 30 சதவீதம் வரை சலுகை தர இடமளித்தது. ஒருவருக்குச் சலுகை என்பது, அதை எட்டாத இன்னொருவருக்குக் கூடுதல் கட்டணம்தான்.

மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்றார் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட். நிறுவனமும் பலனடைவது இதனால் தவறாகிவிடாது. ஊழியர் மறுத்தால் எதையேனும் இழக்கிறாரா என்பதே உரைகல். இழந்தால் அது உதவி அல்ல, நிர்ப்பந்தம்.

அப்படியானால் நிறுவனம் ஒதுங்கி நிற்கலாமா? அதுவும் நியாயமில்லை. லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ் குழுவினர், உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு என 1953இல் காட்டினர். 1956இல் சீருடைப் பதிவேடுகளைப் புரட்டியபோது, டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது. வேலையில் நெடுங்காலம் கழிக்காத இளம் வயதினரிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது. ஆக, வேலைக்கு வரும்போதே ஒருவர் கொண்டுவரும் உடல்வாகும் உண்டு, வேலை சேர்ப்பதும் உண்டு. பொறுப்பு ஊழியர், நிறுவனம் இருவருக்கும் உரியது. தன் பங்கைச் சரிசெய்வது நிறுவனம் காட்டும் கருணை அல்ல, கடமை.

சர்வதேச உடல்நல ஆவணமான 1986ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனம், மக்கள் தங்கள் உடல்நலத்தின் மீது தாங்களே கூடுதல் கட்டுப்பாடு பெறச் செய்வதையே நலமேம்பாடு என்று வரையறுத்தது. அந்தக் கட்டுப்பாட்டைப் பறிக்கும் திட்டம் அந்தப் பெயருக்கே தகுதியற்றது. இதிலிருந்து மூன்று நெறிகள் பிறக்கின்றன. முதலாவது, மாற்றம் பணியிடத்தில் தொடங்க வேண்டும்: ஷிப்ட் முறை, கேன்டீன் உணவு, உணவு இடைவேளை, எழுந்து நடக்க வழி. இரண்டாவது, பங்கேற்பு விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும். அளவுகள் மேலதிகாரியின் கைக்குப் போகக் கூடாது. மூன்றாவது, பருமனானவரைப் பொறுக்கி எடுத்து மெலியச் சொல்வதைவிட, எவருக்கும் எடை ஏறாதபடி பார்ப்பதே மேல். தடுப்பு எல்லோருக்கும் பொதுவானது. அதில் எவரும் சக ஊழியர் முன் தலைகுனிய நேராது.