சாட்சி சொல்வார் கடன்

சிவமயம்

சைவாசிரியர்களே!

கண்டியினின்றும் குருநாகல் செல்லும் பெருவழியிலுள்ள கலகெதரையிலும் அதன் அயலிலும் வாழும் நம்மவர் ஒருவருக்கு நீதிமன்றத்திலிருந்து சாட்சியழைப்பு வருமாயின், வீடு முழுதும் கலங்கும். "ஊர்ப்பகை நமக்கேன்? கண்டதைக் காணேனென்று சொல்லி வந்துவிடு" என்று முதியோரே புத்தி கூறுவர். அதனை அவ்வீட்டுப் பிள்ளையும் கேட்டிருக்கும். மறுநாட் காலை அப்பிள்ளைக்கு வாய்மையைக் கற்பிக்க வேண்டியவர் நாமே.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் ஒரு வழக்கைக் காட்டியருளினார். புத்தூரில் மணப்பந்தலிலிருந்த நம்பியாரூரரை, முதிய வேதியராய் வந்த இறைவர் தம் அடிமையென்று தொடர்ந்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுகவென்றனர். மூலவோலை வாசிக்கப்பட்டபின், அதில் மேலெழுத்திட்டோர் தத்தம் எழுத்தை நோக்கி, ஒக்குமென்றனர். நம்பியாரூரர்பால் இரங்கி மறுத்தாரல்லர். தாமறியாத யாதொன்றையும் கூட்டினாருமல்லர். பின்னர்ப் பாட்டனார் கையெழுத்தும் ஒப்புநோக்கப்பட, நம்பி தோற்றார். அத்தோல்வியே அவரைத் தடுத்தாட்கொண்ட திருவருளாயிற்று. மேலெழுத்திட்டோர் அன்று பொய்த்திருப்பின், அன்பென்னும் பெயரால் அவ்வருளுக்கே தடையாயிருப்பர்.

இலங்கையில் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமும் இந்நெறியினதே. கண்டதனைக் கண்டவனும், கேட்டதனைக் கேட்டவனுமே வந்து சொல்லல் வேண்டுமென அது விதிக்கின்றது. இத்தனை பேர் சாட்சி வேண்டுமென்னும் எண்ணிக்கையை அது விதிப்பதின்று. ஆதலின் ஒருவன் மௌனத்தால் ஓர் ஏழையின் நியாயம் முற்றும் அழிதல் கூடும்.

அச்சம் பொய்யன்று. சாட்சிகளின் பாதுகாப்புக்கென 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உளது. எனினும் மன்றத்தினின்று மீள்பவன் அதே ஊருக்கன்றோ மீள்கின்றான்? ஆதலின், "உண்மை சொல்" என்று ஏவி நாம் வீட்டிலிருத்தல் அறமாகாது. அவனோடு மன்ற வாயில்வரை செல்க. மீண்டபின் அவன் மனைக்குச் சென்று நலம் வினாவுக. பாதுகாப்புக் கோர வேண்டுமாயின் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க.

மாணாக்கருக்கு மூன்று கற்பிக்க: கண்டதைக் கூட்டாமலும் குறையாமலும் சொல்லுதல், அறியாததை அறியேனென்றல், உறவையும் பகையையும் வாயிற்புறத்தே விடுதல். வகுப்பறையில் உடைந்த சிலேட்டைப்பற்றி அஞ்சாது மெய்யுரைத்த பிள்ளையைத் தண்டியாதீர். அங்கே மெய்க்கு அடி விழுமாயின், மன்றத்தில் அம்மெய் எழுந்து நில்லாது.

எல்லா உயிர்க்கும் உள்நின்று காணும் சிவபெருமான் திருமுன்னரே நாம் நாடோறும் பேசுகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.