யாத்திரை மூட்டையின் அளவு

நெடும்பயணம் புறப்படுவோர் எதைச் சுமப்பது, எதை வீட்டில் விட்டுச் செல்வது என்னும் வினா மிகச் சிறியதெனத் தோன்றும். ஆயினும் தேவை எங்கு முடிந்து பற்று எங்குத் தொடங்குகிறது என்பதை அறிய அதனினும் நல்ல இடம் வேறில்லை. பெங்களூரிலிருந்து வாடகைப் பேருந்தில் நாகபுரி வழியாகப் புத்தகயா சென்ற குழுவொன்றில் மூட்டை கட்டுவோருள் ஒருவனாக இருந்த அனுபவத்தால் இதைக் கூறுகிறேன்.

அரிசி மூட்டையும் அண்டாவும் அடுப்பும் பேருந்தின் அடிப்பெட்டியில் ஏறின. இரவில் வேண்டப்படும் கம்பளியும் மருந்தும் கடைசியில் வைக்கப்பெற்று முதலில் கைக்கு எட்ட வேண்டும். இவ்வளவில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. வழக்கு எழுந்தது அவரவர் பெட்டியைப் பற்றியே. இளைஞரொருவர், "பிக்குகளுக்கு எட்டுப் பொருள் போதுமாயின், நமக்கு ஏன் இத்துணை?" என்று கேட்டு, மூதாட்டி ஒருவரின் இரண்டு கம்பளிகளுள் ஒன்றையும் அவருடைய பித்தளைச் செம்பையும் வெளியே எடுத்து வைத்தார்.

மூன்று சீவரம், பிட்சாபாத்திரம், சவரக்கத்தி, ஊசி, அரைக்கச்சு, நீர் வடிகட்டி என்பனவே அவ்வெட்டு. அவற்றுள் சீவரத்தின் அளவு வகுக்கப்பெற்ற வரலாற்றை விநயபிடகத்தின் மகாவக்கத்தில் காணலாம். இராசகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில், பிக்குகள் பலர் துணிமூட்டைகளைத் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சுமந்து வருவதைப் பகவன் கண்டார். கண்டவுடன் கட்டளை இட்டாரல்லர். பனிக்காலத்து இரவொன்றில், கோதமக சைத்தியத்தில், ஒற்றை ஆடையுடன் தாமே வெட்டவெளியில் அமர்ந்தார். முதல் யாமம் கழியுங்கால் குளிர்ந்தது, இரண்டாவதைப் போர்த்தினார். நடுயாமம் கழியுங்கால் மூன்றாவது, விடியலில் நான்காவது. அதன் பின்னரே, இரட்டை மடிப்புள்ள மேற்போர்வை ஒன்றும் ஒற்றை ஆடை இரண்டும் என மூன்று சீவரம் வகுத்தார். குளிர் தாங்கமாட்டாத உடம்பினரும் இவற்றால் வாழ இயலும் என்பதே அவர் கண்ட அளவு. உடல் வலியோரை வைத்து அவர் அளக்கவில்லை என்பதை அன்பர்கள் கருத வேண்டும்.

இதைக் கூறிய பின் கம்பளி பெட்டிக்குள் திரும்பிற்று. இளைஞர் கேட்டதிலும் நியாயமில்லாமலில்லை. பிலிந்தவச்சருக்கு வந்த நெய்யும் தேனும் சேர்த்து வைக்கப்பெற்று ஒழுகி, விகாரமெங்கும் எலிகள் பெருகிய கதையும் விநயத்திலேயே உள்ளது. அத்தகைய மருந்துப் பொருள்களுக்கு ஏழு நாள் எல்லை வந்தது அதனால்தான். மிகுதிச் சீவரத்திற்கோ பத்து நாள். ஆனந்தர் தமக்குக் கிடைத்த ஆடையைச் சாரிபுத்தருக்கு அளிக்க விரும்பினார். அவரோ சாகேதத்தில் இருந்தார். திரும்ப ஒன்பது, பத்து நாள் ஆகும். கொடுப்பதற்காக வைத்திருத்தல் வேறு, வைத்திருப்பதற்காகவே வைத்திருத்தல் வேறு.

செம்பின் வழக்குத்தான் கடினமாயிற்று. "தம்பி, அது இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை" என்றார் மூதாட்டியார். பற்றென்று எளிதில் பெயரிட்டுவிடலாம். ஆனால் நம் முன்னோர் பயணத்தில் தம் செம்பைத் தாமே சுமந்தது ஏன்? தேநீர்க் கடையில் நமக்கெனத் தனிக் குவளை தொங்கியதும், சிரட்டையில் ஊற்றியதும், பொதுக் கிணற்றில் விலக்கியதும் அறியாதார் நம்முள் யார்? உடைமையே மறுக்கப்பட்டவரிடம் சென்று, 'குறைவாக வைத்துக்கொள்' என்று அறம் உரைப்பது எனக்கு உடன்பாடன்று. உள்ளவன் விடுவதே துறவு. இல்லாதவன் இல்லாமை துறவாகாது.

இவற்றை யான் அங்கு விரித்துரைக்கவில்லை. இளைஞரே சிறிது நேரம் செம்பைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை எல்லாரும் எடுக்கும்படி வைக்கலாமா?" என்றார். மூதாட்டியார் உடனே விடை கூறவில்லை. பிறகு தலையசைத்தார். தண்ணீர்க் குடத்தின் மேல் அது கவிழ்த்து வைக்கப்பட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. 1956 அக்டோபர் 14இல் அண்ணல் அம்பேத்கர் தீட்சை பெற்ற நாகபுரித் திடலை அடையும்வரை, ஓட்டுநர் உட்பட அனைவரும் அதிலேயே, கழுவிக் கழுவி, வாய் வைத்துக் குடித்தோம்.