நம்பிக்கையும் நற்செயலும்

ஒருவர் நற்செயல் புரிகின்றார். ஆனால், அதற்கு அவர் கூறும் காரணம் மெய்ப்பிக்கப்படாதது. அந்நிலையில் அச்செயலைப் போற்றலாமா? இவ்வினாவிற்கு விடை தேடப் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டமொன்று நமக்குத் துணை செய்கின்றது.

சாம்பேன் வட்டாரத்தின் தென்பகுதியில் கூர்த்தெரோன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு ஃப்ளூரி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டு, நுரை ததும்பும் மதுவை வடித்து வருகின்றனர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ழான்-பியர் ஃப்ளூரி, 1989ஆம் ஆண்டில் உயிராற்றல் வேளாண்மைக்கு மாறினார். அவ்வட்டாரத்தில் இம்முறைக்கு அவரே முன்னோடி. மதுவின் நன்மை தீமை இங்கு நம் ஆய்வுப் பொருளன்று. உழவரின் அறமே நம் பொருள்.

ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924ஆம் ஆண்டில் ஆற்றிய எட்டுச் சொற்பொழிவுகளிலிருந்து பிறந்தது இவ்வேளாண்மை. செயற்கை உரமும் களைக்கொல்லியும் இதில் விலக்கப்பட்டவை. பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைப்பர். பின்னர் அதனை நீரிலிட்டு ஒரு மணி நேரம் கலக்கி நிலத்தில் தெளிப்பர். விண்ணின் ஆற்றல் இதன்வழி மண்ணைச் சேரும் என்பது அவர்தம் நம்பிக்கை. அறிவியல் இதனை மெய்ப்பிக்கவில்லை.

எனினும், மண் நலம் பெறுவது உண்மை. சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடைபெற்றுவரும் ஒப்பீட்டு ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. இரசாயனம் தவிர்த்த நிலங்களில் விளைச்சல் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. மண்ணின் உயிர்வளமோ மிகுந்தது. இந்நன்மையைக் கொம்பின் மீது ஏற்றுவதைவிட, நஞ்சைத் தவிர்த்ததன் மீதும் மட்கிய எருவின் மீதும் ஏற்றுவதே அறிவுக்குப் பொருந்தும்.

அப்படியாயின், பயன் கிட்டும்போது காரணத்தை ஏன் ஆராய வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். மழை மிகுந்த ஆண்டில் கொடியைப் பூஞ்சை நோய் தாக்கும். அதனைத் தடுக்கச் செம்புக் கலவை தெளிக்க இம்முறையிலும் இடமுண்டு. செம்போ மண்ணிலேயே தங்கிச் சேர்வது. மண்புழுவிற்கும் கேடு தருவது. ஆகவேதான் ஐரோப்பிய ஒன்றியம், ஏழாண்டுகளில் எக்டருக்கு 28 கிலோவிற்கு மேல் கூடாதென வரம்பு வகுத்துள்ளது. 'எம்முறை தூயது' என்னும் நம்பிக்கையில் உறங்குபவர் இக்கேட்டினைக் காணார். காரணத்தை ஆராய்பவரே காண்பார்.

கணக்கில் விடை சரியாகவும் வழி பிழையாகவும் எழுதிய மாணவனை நல்லாசிரியர் எவ்வாறு நடத்துகின்றார்? விடையை அடித்துவிடுவதில்லை, வழியை அப்படியே விட்டுவிடுவதுமில்லை. ஏனெனில், அடுத்த கணக்கில் அப்பிழை அவனைக் கைவிடும் என்பதை அவர் அறிவார்.

நற்செயலைப் போற்றுவோம், அதற்காக அதன் காரணத்தையும் உண்மையென ஏற்க வேண்டுவதில்லை. குறைந்த விளைச்சலைத் தாமே தாங்கி, பின்வரும் தலைமுறைக்கு உயிருள்ள மண்ணை விட்டுச் செல்பவர் பாராட்டுக்குரியவர். தம் நம்பிக்கையையும் வினாவிற்கு உட்படுத்துவாராயின், அவரது அறம் முழுமை பெறும்.