உலையில் ஊருக்கும் ஒரு படி

ஊருக்கு உழைத்த ஒருவர் மறைந்தால் அஞ்சலிச் சுவரொட்டியில் தவறாமல் ஒரு வரி வந்துவிடும்: 'தன் குடும்பத்தையும் மறந்து பொதுவாழ்வுக்கே தன்னை ஒப்படைத்தவர்.' வேதாரண்யத்தில் என் அத்தை இறந்தபோதும் அப்படித்தான் அச்சடித்து ஒட்டினார்கள். அன்பில் எழுதியதுதான். ஆனாலும் அது உண்மையில்லை. அத்தை ஒரு வேளைகூடக் குடும்பத்தை மறந்தவர் அல்ல. வீட்டை மறந்தால்தான் ஊருக்கு உழைக்க முடியும் என்ற எண்ணம் நம்மிடம் எப்படி இவ்வளவு ஊறிப்போனது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை பிறந்த வீதிக்கும் வாழ்க்கைப்பட்ட வீதிக்கும் இடையில் இரண்டே வீதிகள். மாமா உப்பளத்தில் கணக்கு எழுதினார். மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையான மாமியார், கொல்லையில் இரண்டு மாடு. அகத்தியம்பள்ளிப் பக்கம் உப்புத் தொழில் வெயிலை நம்பியது. பனி முடிந்து பாத்தியைச் சீர் செய்து நீர் பாய்ச்சினால், ஐப்பசி மழை இறங்கும் வரைதான் வேலை. அதன்பின் உப்பை நம்பிய வீடுகளில் கைச்செலவுக்குக் காசு இருக்காது. எந்த வீட்டில் என்றைக்கு அடுப்பு எரியாது என்பது அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிடும். "எப்படி அத்தை?" என்று கேட்டிருக்கிறேன். "நம்ம வீட்ல என்னைக்கு அரிசி தீருதோ அன்னைக்குத்தானே தம்பி அவுங்க வீட்லயும் தீரும்" என்றார். ஐப்பசி, கார்த்திகையில் அவர் வீட்டு உலையில் எப்போதும் ஒரு படி அரிசி கூடுதலாக விழும்.

அவருடைய பொதுத்தொண்டு முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. தன் வீட்டுக் குறை வழியாகத்தான் அவர் அடுத்த வீட்டுக் குறையை அறிந்தார். மாமியாரின் முதியோர் பென்ஷனுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது மனு எழுதக் கற்றுக்கொண்டார். பிறகு தெருவில் இருந்த கிழவிகளுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். திண்ணையில் பலகையை மடியில் வைத்து, வந்தவரின் குடும்ப அட்டையை வாங்கிப் பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பார். அடுத்து பேங்க் புத்தகம். இரண்டிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்காமல் பேனாவைத் திறக்கமாட்டார். "பேர்ல ஒரு கால் விட்டுப்போனா பணமும் விட்டுப்போயிரும்" என்பார். மனுவை நகல் எடுத்துத் தேதி போட்டு மாமாவின் பழைய உப்புக் கணக்கு நோட்டுக்குள் செருகிவைப்பார். ஆறு மாதம் கழித்து "அப்படி எதுவும் வரலியே" என்று யாராவது கையை விரித்தால், அந்த நகல் வெளியே வரும்.

ஒரே ஊரில் ஆயுளைக் கழிப்பதைக் குறுகிய வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டுதான் என் வயதுக்காரர்கள் பலர் பஸ் ஏறினோம். கஜா புயல் வந்தபோது அது எவ்வளவு பெரிய படிப்பு என்று பார்த்தேன். 2018 நவம்பர் 16 விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் புயல் கரையேறியது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக ஒடிந்து விழுந்தன. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் குடிக்கத் தண்ணீர் இல்லை. எந்தக் கொல்லையில் இன்னும் மூடாத கிணறு இருக்கிறது, அதில் எது உப்புக் கரிக்கும், எது நல்ல தண்ணீர் என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்களை அனுப்பிக் கயிறும் வாளியும் போடவைத்தார். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் யார், எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்பதெல்லாம் நிவாரணத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளிடம் இருந்த தாளில் இல்லை. அவர்கள் அத்தையின் திண்ணைக்கு வந்து கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஊரைவிட்டுப் போகாதவருக்கு மட்டுமே அமையக்கூடிய அறிவு அது.

வீட்டில் இருந்தபடியே ஊருக்குக் கொடுப்பது வேதாரண்யத்துக்குப் புதிதும் அல்ல. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறத்தாழ 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கினார். அவர்களுக்குச் சோறோ இடமோ தந்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். நடந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பொட்டலம் கட்டியவர்களின் பட்டியலை நான் எங்கும் கண்டதில்லை. வீட்டு அடுப்பில், பிள்ளைகளுக்கு வடித்த அதே பானையில் வடித்த சோறாகத்தான் அது இருந்திருக்கும். யாத்திரையை ஊரில் ஏற்று நடத்திய சர்தார் வேதரத்தினம் சிறைக்குப் போனார், சொத்தை இழந்தார். 1946-ல் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக அங்கேயே கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். 1961-ல் அவர் மறைந்த பிறகு மகனும் பேரனும் அதை எடுத்து நடத்தினார்கள். வீட்டை ஒதுக்கிவிட்டுச் செய்த தொண்டாக இருந்திருந்தால் அந்த வீடு அதைத் தோளில் வாங்கியிருக்குமா?

அத்தையின் பிள்ளைகளுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரியவளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவளுக்குப் பரீட்சை நடக்கும் நாட்களிலும் திண்ணையில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பத்தாம் வகுப்பில் ஒருநாள் புத்தகத்தை வீசிவிட்டு அழுதிருக்கிறாள். அத்தை அவளைச் சமாதானப்படுத்தவும் இல்லை, ஊருக்காகப் பொறுத்துக்கொள் என்று உபதேசம் செய்யவும் இல்லை. மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. "விளக்கு வச்ச பிறகு வராதீங்க, புள்ளைங்க சாப்பிட்டுப் படிக்கட்டும். பிரசவம், சாவுன்னா மட்டும் கதவைத் தட்டுங்க." சிலருக்கு முகம் சுண்டியது. 'தலைக்கனம்' என்று பேசினார்கள். அத்தை அசையவில்லை.

அவரிடம் எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கண்டிப்புதான். எல்லை இல்லாமல் ஊருக்குக் கொடுத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பத்து வருடத்தில் ஓய்ந்துபோனார்கள், அல்லது ஊர் நன்றி கெட்டது என்று கசந்துபோனார்கள். அதைவிட வருத்தம், பொதுக்காரியம் என்றாலே அவர்கள் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வது. தியாகி என்று அப்பாவுக்கு மாலை போடும்போது, வீட்டில் இல்லாத அப்பாதான் அந்தப் பிள்ளைகளுக்கு நினைவு வருகிறார். அத்தை கொடுத்தது அளவாக, ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் விடாமல். மாமாவும் அதில் பாதி. கூடுதல் அரிசி அவர் சம்பளத்தில் வந்தது, மனுவைச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். சுவரொட்டியில் அவருடைய பெயர், கணவர் என்பதைத் தாண்டி எதற்கும் இல்லை.

இப்போது மூத்த மருமகள் அதே திண்ணையில் மனு எழுதுகிறார். முதலில் குடும்ப அட்டை, பிறகு பேங்க் புத்தகம். அவருடைய சின்னவனுக்கு இந்த வருடம் பொதுத்தேர்வு. விளக்கு வைத்த பிறகு யாரையும் ஏற்றுவதில்லை.