சாபமல்ல, கடன்!

பாட்டன் பறித்தான், தந்தை காத்தான், பேரன் நுகர்கிறான். பறித்த கை மண்ணோடு மண்ணாகிவிட்டது. பறிக்கப்பட்ட நிலமோ அப்படியே இருக்கிறது. பேரனைக் குற்றவாளி எனலாமா?

"ஆகாது! அவன் பிறக்குமுன் நடந்ததற்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?" என்பர் ஒரு சாரார். "ஆகும்! குடும்பப் பாவம் குருதியோடு வரும்" என்பர் மற்றொரு சாரார். இரு சாராருமே தவறுகின்றனர் என்பது என் வழக்கு. அவ்வழக்கின் சாட்சியாக, அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்ன் 1851இல் வெளியிட்ட 'ஏழு முகட்டு மாளிகை' என்னும் நாவலை அழைக்கிறேன்.

மாத்யூ மோல் ஓர் ஏழை. காட்டைத் திருத்தி, நன்னீர் ஊற்று ஒன்றின் அருகே குடிசை அமைத்து வாழ்ந்தவன். அந்த நிலத்தின்மீது கண் வைத்தார் கர்னல் பிஞ்சன் என்னும் செல்வர். பட்டயம் காட்டினார், பாடுபட்டவன் அசையவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அப்போது எழுந்தது சூனியக்காரர் வேட்டை! மோல் சூனியக்காரன் என்று கூவியது கூட்டம். அக்கூட்டத்தில் ஓங்கி ஒலித்த குரல் யாருடையது? கர்னலுடையது! மோலின் கழுத்தில் கயிறு ஏறியது. கர்னலின் கைக்கு நிலம் வந்தது. பிஞ்சன் குருதி குடிக்க நேரும் என்று தூக்குமேடையில் நின்று சபித்தான் மோல்.

குடிசை இருந்த இடத்தில் மாளிகை எழுந்தது. அதைக் கட்டிய தலைமைத் தச்சன், தூக்கிலிடப்பட்ட மோலின் மகன்! புதுமனை விழாவன்று, துணை ஆளுநர் உள்ளிட்ட பெருமக்கள் வந்து நிற்க, கர்னல் தம் அறையில், நாற்காலியில் பிணமாக அமர்ந்திருந்தார். கழுத்துப் பட்டியில் குருதிக் கறை. சாபம் பலித்தது என்று முணுமுணுத்தது ஊர்.

பகுத்தறிவாளன் இங்கே நூலை மூடிவிட வேண்டியதில்லை. திரையை ஹாதோர்னே விலக்குகிறார். திடீரென மூச்சடைத்து, குருதி கசிந்து இறப்பது அக்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த உடற்கோளாறு என்று கதையிலேயே சொல்லப்படுகிறது. மருத்துவன் ஆராய வேண்டியதை மந்திரம் என்றனர் மக்கள்.

தோழர்களே, இங்கே நாம் விழிப்புடன் இருக்க வேண்டும். சூனியம் என்னும் மடமை ஏழையைக் கொன்றபோது அதை வெறுக்கிறோம். சாபம் என்னும் மடமை ஏழையின் பக்கம் நின்று செல்வனைத் தண்டிப்பதுபோலத் தோன்றும்போது, உள்ளூர மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சி நமக்கு ஆகாது. இரண்டும் ஒரே மரத்தின் கனிகள். மேலும், சாபத்தால் ஆதாயம் அடைவது யார்? சாபம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பும் ஊர், நிலத்தைத் திருப்பிக்கொடு என்று கேட்பதில்லை. நடுங்குவதுபோல் நடுங்கி, நிலத்தை விடாமல் வைத்துக்கொள்ளலாம் செல்வன்!

நாவலில் இதற்குச் சான்று உண்டு. பிற்காலப் பிஞ்சன்களுள் முதியவர் ஒருவர் பழைய ஆவணங்களைப் புரட்டினார். மோலுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று தெளிந்தார். மாளிகையை மோலின் வழியினருக்கே திருப்பித் தரலாமா என்று எண்ணினார். உறவினர் பதறினர். சாபத்துக்கு அஞ்சாதவர்கள் நீதிக்கு அஞ்சினர்! ஒருநாள் இரவு, மருமகன் ஜாஃப்ரி தம் பெட்டியைத் துழாவுவதைக் கண்ட முதியவர், அதிர்ச்சியில் அதே கோளாறு தாக்கி மாண்டார். ஜாஃப்ரி, மற்றொரு மருமகன் கிளிஃபர்டுக்குச் சொத்தை எழுதிய உயிலை அழித்தான். கொலைப் பழி கிளிஃபர்டின்மேல் விழும்படி தடயங்களை விட்டுச் சென்றான். குற்றமற்ற கிளிஃபர்டு முப்பது ஆண்டு சிறையில் வாடினான். ஜாஃப்ரியோ நீதிபதியானான், ஆளுநர் பதவிக்கும் குறி வைத்தான்.

இக்கதை வெறும் கற்பனையில் பிறந்ததன்று. மாசாசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் 1692இல் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டனர். கைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றனர். அன்று குற்றம் சாட்டப்பட்டோரை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் ஜான் ஹாதோர்ன். அவருடைய கொள்ளுப்பேரனின் மகனே இந்த நாவலாசிரியர்! பிறர் வீட்டு இருட்டை வேடிக்கை பார்க்க அவர் எழுதவில்லை. தம் வீட்டு இருட்டிலேயே விளக்கேற்றினார்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். குற்றம் குருதியில் ஓடாது. பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் அல்லன் என்போமாயின், பிறப்பினால் ஒருவன் குற்றவாளியும் அல்லன். ஆனால் சொத்து பட்டயத்தின் வழியே வருகிறது. அப்பட்டயத்தோடு கடனும் வருகிறது. தந்தையின் வயலை ஏற்கும் மகன், அவ்வயலின்மீதுள்ள அடமானத்தை ஏற்க மாட்டேன் எனலாமா? அநீதி ஓர் அடமானம். அறியாமல் அனுபவிப்பவன் கடன்காரன். அறிந்தும் மறைப்பவனோ குற்றவாளி. தெரிந்தே திருத்தாமல் விடும் வாரிசு ஒவ்வொருவனும் முன்னோன் செய்த குற்றத்தைப் புதிதாகச் செய்கிறான் அல்லனோ என்று ஹாதோர்னே முதல் இயலில் கேட்கிறார். என் விடை: ஆம், செய்கிறான்!

ஆயினும் ஹாதோர்ன் தந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஜாஃப்ரியும் அதே கோளாறால் இறக்கிறான். அவன் மகனும் இறந்துவிடவே, பெருஞ்செல்வம் கிளிஃபர்டுக்கும், அவன் சகோதரி ஹெப்சிபாவுக்கும், உறவுப்பெண் ஃபீபிக்கும் வந்து சேர்கிறது. மோலின் வழியில் வந்த ஹோல்கிரேவ் என்னும் இளைஞன், ஃபீபியின்மீது காதல் கொள்கிறான். பழைய சொத்து ஒழிக என்று முழங்கிய அவனே, இறுதியில் ஜாஃப்ரியின் நாட்டுப்புற வீட்டுக்குக் குடிபோகிறான். அவ்வீடு கல்லால் கட்டப்படாமல் போயிற்றே என்றும் வருந்துகிறான்! காதல் மலர்ந்தது, கணக்கு தீர்ந்தது என்கிறது கதை. ஃபீபி அவனை விரும்பாதிருந்தால்? மோலின் கடன் என்றென்றும் நின்றிருக்கும் அன்றோ? நீதி, மணப்பந்தலை நம்பி நிற்கலாகாது.

வரலாறு வேறு வழி காட்டியது. சேலம் வழக்குகளின் நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவல், 1697இல் பாஸ்டன் தேவாலயத்தில், தம் குற்ற ஒப்புதல் படிக்கப்பட, மக்கள் முன் எழுந்து நின்றார். 1711இல் அரசு, தண்டிக்கப்பட்ட பலருடைய பெயர்களிலிருந்து களங்கம் நீக்கி, குடும்பத்தாருக்கு இழப்பீடு வழங்கியது. போன உயிர் திரும்பவில்லை. ஆனால் இழைத்தது அநீதி என்று அரசே எழுதிக்கொடுத்தது.

விடுபட்ட பெயர்களும் இருந்தன. சாவுத் தண்டனை பெற்றுத் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண் அவர்களுள் ஒருத்தி. ஏறத்தாழ 330 ஆண்டுகள் கழித்து, 2022இல்தான் சட்டமன்றம் அவள் பெயரைத் துடைத்தது. அதற்குப் போராடியவர் யார்? அவள் வழியினரா? இல்லை, எட்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்தம் ஆசிரியரும்! அம்மாணவர்களுக்கு அக்குற்றத்தில் பங்கில்லை. அதனால் கிடைத்த சொத்தும் இல்லை. உண்மை தெரிந்தது, அது போதுமானதாயிற்று.

ஆகவே இளைஞர்களே, மாளிகையைக் காணும்போது அது சபிக்கப்பட்டதா என்று கேளாதீர்கள். அது யாருடைய குடிசை இருந்த இடம் என்று கேளுங்கள். விடை தெரிந்த பின்னர் வாய் மூடியிருந்தால், அம்மாளிகையின் சுவரில் நாமும் ஒரு கல்.