ஒலிக்காத தொலைபேசி

இடர் வந்த காலத்தில் உதவுவது அறம் என்பதை மறுப்பார் எவரும் இலர். ஆயினும் உதவி குறைவாகவும் அதனை வேண்டுவோர் மிகுதியாகவும் இருக்கும்போது யாருக்கு முதலில் உதவுவது? புயல் வீசும் இரவில் இவ்வினாவுக்குச் சில மணித்துளிகளில் விடை காண வேண்டியவர்கள், மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றுவோர். அவர்தம் இக்கட்டை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியரே. தமிழ்நாட்டில் மாவட்ட மையத்திற்கு 1077, மாநில மையத்திற்கு 1070 என்பன தொலைபேசி எண்கள். வானிலை அறிக்கை, அணைகளின் நீர்மட்டம், மக்களின் முறையீடு ஆகிய யாவும் மையத்தில் வந்து குவியும். வருவாய், காவல், தீயணைப்பு, மின்வாரியம் எனப் பல துறைகளுக்கும் அங்கிருந்து செய்தி செல்லும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பின்னும் பல மணி நேரம் நகராமல் நின்றது. நம்மவர் நன்கறிந்த திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. மறுநாள் விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களைச் சூழ்ந்தது. மக்களுக்கு உரிய எச்சரிக்கை சென்றதா என்ற சர்ச்சையும் பின்னர் எழுந்தது.

இத்தகைய இரவில் மையத்தின் தொலைபேசி ஓயாது ஒலிக்கும். அழைப்பவர் யாவரும் துன்பத்தில் இருப்பவரே. எனினும் அழைக்க இயன்றவரிடம் மின்னேற்றம் உள்ள கைப்பேசியும், இயங்கும் கோபுரமும் இருக்கின்றன. மின்சாரம் நின்று, கோபுரம் ஓய்ந்து, பாதையும் அறுபட்ட ஊரிலிருந்து அழைப்பே வாராது. மிகுதியாக இடர்ப்பட்ட ஊரே மிகுதியாக மௌனம் காக்கும். அம்மௌனத்தை நலம் என்று கொள்வதே பெரும்பிழை.

வகுப்பறையில் கை தூக்கும் பிள்ளைக்கே விடையளித்துக்கொண்டிருந்தால், கடைசி இருக்கையில் ஒன்றும் விளங்காமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை மறந்துவிடுவோம். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற இப்பாடம் ஈண்டும் பொருந்தும்.

அவ்வாறாயின், கேட்ட குரலை விட்டுக் கேளாத குரலைத் தேடிச் செல்வது முறையா? கழுத்தளவு நீரில் நின்று அழைப்பவரைக் காத்திருக்கச் சொல்வது எவ்வாற்றானும் முறையன்று. ஆனால் மாடியில் பத்திரமாக இருந்துகொண்டு மும்முறை அழைப்பவர் சற்றுக் காத்திருக்கலாம். படகு ஐந்து இருப்பின், ஒன்றையேனும் செய்தி வாராத ஆற்றோரத்துக் குடியிருப்புக்கு அனுப்புதலே நீதி. அங்கு எவருக்கும் தீங்கில்லை என்று தெரியவரின், அனுப்பியவர் பழிச்சொல் கேட்க நேரும். அப்பழியை ஏற்கும் துணிவும் அப்பணியின் ஒரு பகுதியாகும்.

முன்னெச்சரிக்கையும் இத்தகையதே. ஐயத்தோடு எச்சரித்து வெள்ளம் வாராது போனால் மக்கள் நகைப்பர். உறுதிப்படட்டும் என்று பொறுத்திருந்தால் நேரம் கடந்துவிடும். நகைப்பு ஆறிவிடும், போன உயிர் மீளாது.

இச்சுமையை மையத்தின் தலையிலேயே ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் தெருவில் தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், கைக்குழந்தையோடு இருப்போர் யாவர் என்பதை மழைக்காலத்திற்கு முன்பே எழுதிவைக்கலாம். அப்பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அளிக்கலாம். மழை இரவில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். தொலைபேசி ஒலிக்காத வீட்டின் செய்தியை மையத்திற்குச் சொல்ல வேண்டியவர், அதன் அண்டைவீட்டாராகிய நாமே அன்றோ?